ரத்தம் போனால் எல்லாம் மூலம் அல்ல! குடல் ஆபரேஷன் பற்றி தெரிந்து கொள்ள வேண்டியது என்ன?

பஸ் ஸ்டாண்டு கழிப்பறை சுவர், ரெயில்வே மேம்பாலத் தூண், தெரு முனை கரண்ட் கம்பம். எங்கே பார்த்தாலும் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்" என்று அதில் அச்சடித்திருப்பார்கள்.

அந்த நோட்டீசை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் போன் நம்பரை மட்டும் மனசுக்குள் குறித்துக் கொண்டு போகிறவர்கள் ஏராளம். காரணம், இது வெளியே சொல்ல முடியாத வியாதி. ஆட்டோ ஓட்டுபவர், ஓட்டலில் நாள் முழுக்க நிற்கும் மாஸ்டர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண், மூட்டை தூக்கும் தொழிலாளி என்று யாரையும் இது விடுவதில்லை. பொண்டாட்டியிடம் கூட சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் உண்டு.

"உடம்பு சூடு, அதான் ரத்தம் போகுது" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக் கொள்வார்கள். துத்தி இலை, கருணைக்கிழங்கு, இளநீர் என்று நாள் ஓடும். அது வெறும் மூலமாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மலக்குடல் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே மாதிரி ரத்தத்தைத்தான் காட்டும். அங்கேதான் சிக்கல்.

மூன்று வியாதி, ஒரே பேர்

வாயில் ஆரம்பிக்கும் உணவுப்பாதை ஆசனவாயில் முடிகிறது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அதற்கு அடுத்த பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுதான் மலக்குடல். இந்தக் கடைசிப் பகுதியில் எந்தக் கோளாறு வந்தாலும் நம்ம ஊரில் "மூலம்" என்று ஒரே பேர்தான். ஆனால் டாக்டர்கள் இதை தனித்தனியாகப் பிரிக்கிறார்கள்.

மூலம்: ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் உண்டு. முக்கி முக்கி அது வீங்கி கீழே இறங்குவதுதான் மூலம். வலி அதிகம் இருக்காது. மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும்.

வெடிப்பு: கெட்டியான மலம் கிழித்து விடுவதால் ஆசனவாய் ஓரத்தில் வரும் புண். ரத்தம் கொஞ்சம்தான். வலிதான் தாங்காது. பிளேடால் அறுத்த மாதிரி இருக்கும். மலம் போன பிறகும் மணிக்கணக்கில் எரியும்.

பவுத்திரம்: ஆசனவாயை ஒட்டி உள்ள சிறு சுரப்பியில் கிருமி புகுந்து சீழ்க்கட்டி வரும். அது உடைந்து, உள்ளுக்கும் வெளித்தோலுக்கும் நடுவே ஒரு சுரங்கம் போல வழி உண்டாகி விடும். அதில் சீழ் கசிந்து கொண்டே இருக்கும். மூடும், திறக்கும், மறுபடி மூடும். சிலருக்கு காசநோய் அல்லது குடல் அழற்சி நோயாலும் இது வருவதுண்டு.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் பார்க்காமலே ஊசி போடுகிறவரிடம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூலத்துக்கு எல்லாம் கத்தி தேவையில்லை

ஆபரேஷன் என்றதும் பயந்து ஓடுகிறவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. மூலத்தை 4 கட்டமாகப் பிரிக்கிறார்கள். உள்ளேயே இருந்து ரத்தம் மட்டும் வந்தால் முதல் கட்டம். முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டு. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று. தள்ளினாலும் போகாவிட்டால் நான்கு.

முதல் இரண்டு கட்டத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு சாப்பாட்டு மாற்றம், தண்ணீர், மலமிளக்கி மருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் உட்காருவது ஆகியவையே போதும். அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் பேண்ட் முறை இருக்கிறது. மூலச்சதையின் அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டி விடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் அது காய்ந்து தானாக விழுந்து விடும். அந்த இடத்தில் வலி நரம்பு கிடையாது என்பதால் மயக்க மருந்தும் வேண்டாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று, நான்காம் கட்டம் என்றால்தான் பெரும்பாலும் கத்தி. 1937-ம் ஆண்டு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் மில்லிகன், மார்கன் ஆகியோர் விளக்கிய முறை இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. மூலச்சதையை வெட்டி எடுத்து, புண்ணை தைக்காமல் திறந்தே விடுவார்கள். ஆற சில வாரம் ஆகும். முதல் வாரம் வலி இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் மூலம் திரும்பி வருவது குறைவு.

1998-ல் இத்தாலி டாக்டர் லாங்கோ ஸ்டேப்ளர் முறையை அறிவித்தார். இதில் வலி குறைவு. சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ஆனால் கருவியின் விலை அதிகம். பழைய முறையை விட மூலம் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். லேசர் முறையிலும் வலி குறைவுதான். "லேசர் போட்டால் ஜென்மத்துக்கும் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலச்சிக்கலை சரி பண்ணாவிட்டால் எந்த முறையிலும் திரும்பி வரலாம்.

வெடிப்புக்கு என்ன வைத்தியம்?

வெடிப்பு வந்தவருக்கு ஆசனவாயின் உள்தசை இறுகிக் கொள்ளும். அதனால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது. ஆறாததால் வலி. வலியால் தசை மேலும் இறுகும். இந்த சுற்றை உடைப்பதுதான் வைத்தியம். தசையைத் தளர்த்தும் களிம்பை 6 முதல் 8 வாரம் தடவினால் பாதிப் பேருக்கு மேல் ஆறி விடுகிறது. ஆறாதவர்களுக்கு சின்ன ஆபரேஷன். உள்தசையில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி விடுவார்கள். 100-ல் 90 பேருக்கு மேல் குணமாகி விடும். கை தேர்ந்த டாக்டர் செய்ய வேண்டிய வேலை இது. அளவு தப்பினால் வாயுவை அடக்க முடியாமல் போகலாம்.

ராஜாவையும் விடாத பவுத்திரம்

பிரான்ஸ் நாட்டு மன்னர் 14-ம் லூயிக்கு பவுத்திரம் வந்தது. 1686-ம் ஆண்டு நவம்பர் மாதம் பெலிக்ஸ் என்ற அறுவை வைத்தியர் அதை ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்தே இல்லாத காலம். மன்னருக்கு கத்தி வைக்கும் முன் அந்த வைத்தியர் பல ஏழை நோயாளிகள் மீது செய்து பழகினார் என்பது வரலாறு. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சும் 1841-ல் இதே வியாதிக்கு மயக்க மருந்து இல்லாமல் கத்தியைத் தாங்கினார். அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பிரெடரிக் சால்மன்தான், 1835-ல் லண்டனில் ஏழைகளுக்காக 7 படுக்கையுடன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

இன்று மயக்க மருந்து இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து சுரங்கம் எந்த வழியாகப் போகிறது என்று முன்பே பார்த்து விடலாம். மேலோட்டமான பவுத்திரம் என்றால் அதை அப்படியே திறந்து விட்டால் அடியில் இருந்து ஆறி வரும். மலத்தை அடக்கும் தசையைத் தாண்டிப் போகும் பவுத்திரம் என்றால் கவனம் தேவை. அதை வெட்டினால் மலத்தை அடக்கும் சக்தி போய் விடும். அதனால் உள்ளே ஒரு நூலைக் கோர்த்து விட்டு, படிப்படியாக வைத்தியம் செய்வார்கள்.

இந்த நூல் வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிது அல்ல. ஆயுர்வேதத்தில் சார சூத்திரம், சித்த மருத்துவத்தில் கார நூல் என்று சொல்கிறார்கள். 1991-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வில், ஆபரேஷனை விட நூல் முறையில் புண் ஆற கூடுதல் நாள் ஆனாலும், பவுத்திரம் திரும்பி வருவது குறைவாக இருந்தது. ஆனால் இதை செய்ய வேண்டியது படித்துப் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத டாக்டர். நோட்டீஸ் ஒட்டும் ஆள் அல்ல.

போலி ஊசி உஷார்!

மாடி ரூமில் பேர்ப்பலகை மட்டும் வைத்து, என்ன மருந்து என்றே சொல்லாமல் ஊசி போடுகிறவர்களும், அமிலம் கலந்த மருந்தைத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மூலம் வெந்து விழும். கூடவே நல்ல சதையும் வெந்து போகும். ஆசனவாய் சுருங்கி, மலம் பென்சில் போல வரும் நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. "உங்க பதிவு எண் என்ன?" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. தகுதி உள்ள டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

எப்போது பயப்பட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* ரத்தம் மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக அல்லது சளியோடு வருவது
* ஒழுங்காகப் போனவருக்கு சில வாரங்களாக மலச்சிக்கல் அல்லது பேதி
* போய் விட்டு வந்தும் இன்னும் பாக்கி இருப்பது போல உணர்வு
* காரணம் தெரியாமல் எடை குறைவது, ரத்தசோகை
* அப்பா, அம்மா, உடன்பிறந்தவருக்கு குடல் புற்றுநோய் இருந்தது

"எனக்கு 35 வயசுதானே" என்று அசட்டையாக இருக்க முடியாது. நம் நாட்டில் இளம் வயதிலும் மலக்குடல் புற்றுநோய் வருகிறது.

டாக்டர் முதலில் கையுறை போட்டு விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிட வேலை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் இதிலேயே தட்டுப்பட்டு விடும். வெட்கத்தில் இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்து, ஒரு வருடத்தை இழக்கிறவர்கள்தான் அதிகம். அடுத்தது கொலோனோஸ்கோபி. முதல் நாள் மருந்து குடித்து குடலை சுத்தம் செய்து, கேமரா பொருத்திய குழாய் மூலம் உள்ளே பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் சதைத் துணுக்கு எடுத்து சோதிப்பார்கள்.

பெரும்பாலான குடல் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. குடல் சுவரில் சின்ன மரு போலத் தொடங்கி, புற்றாக மாற சுமார் 10 ஆண்டு ஆகிறது. மருவாக இருக்கும்போதே அதே குழாய் வழியாக வெட்டி எடுத்து விட்டால் கதை முடிந்தது. அமெரிக்க புள்ளிவிவரப்படி, குடல் சுவருக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் 100-ல் சுமார் 90 பேர் 5 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரலுக்குப் பரவிய பிறகு என்றால் 20 பேர் கூட இல்லை.

வயிற்றில் பை: பயம் தேவையா?

புற்றுநோய் என்றாலே "வயித்துல பை வச்சுடுவாங்க" என்று பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறார்கள். 1908-ல் இங்கிலாந்து டாக்டர் மைல்ஸ், மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்து விட்டு, வயிற்றில் நிரந்தர வழி வைக்கும் ஆபரேஷனை விளக்கினார். பல ஆண்டுகள் அதுதான் வழி. 1982-ல் இன்னொரு இங்கிலாந்து டாக்டர் பில் ஹீல்டு, மலக்குடலைச் சுற்றி உள்ள கொழுப்பு உறையோடு முழுசாக எடுக்கும் முறையை விளக்கினார். அதன் பிறகு அதே இடத்தில் கட்டி மறுபடி வருவது வெகுவாகக் குறைந்தது.

இப்போது பலருக்கு முதலில் ரேடியேஷன், கீமோ கொடுத்து கட்டியை சுருக்குகிறார்கள். பிறகு லேப்ராஸ்கோபி மூலமும் எடுக்கிறார்கள். குடலை ஸ்டேப்ளரால் மீண்டும் இணைத்து விடுவதால், ஆசனவாயைக் காப்பாற்ற முடிகிறது. இணைத்த இடம் ஆறும் வரை தற்காலிகமாகப் பை வைத்து, சில மாதத்தில் எடுத்து விடுவதும் உண்டு. கட்டி ஆசனவாய் தசையையே பிடித்து விட்டால் மட்டும் பை நிரந்தரம். தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் அந்த நிலைமை அதிகம்.

நிரந்தரப் பையோடும் குளிக்கலாம், பஸ்சில் போகலாம், வேலை பார்க்கலாம். சட்டைக்கு உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அதிக பாரம் தூக்கும் வேலையை மட்டும் டாக்டரைக் கேட்டு செய்ய வேண்டும்.

பணம் இல்லையா?

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் குடல் அறுவை சிகிச்சைக்கு தனித்துறையே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றை கையோடு கொண்டு போவது நல்லது.

வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் போகாமல் நின்று விட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்கக் கூடாது. பேதி மாத்திரையும் போடக் கூடாது. உடனே 108-ஐ கூப்பிட வேண்டும்.

வராமல் தடுக்க

தினமும் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் அது தாராளம். விலையும் கட்டுப்படியாகும். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும். சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். வந்ததை அடக்கக் கூடாது. டிரைவர்களும், கழிப்பறை வசதி இல்லாத இடத்தில் வேலை பார்க்கும் பெண்களும் இதில்தான் மாட்டிக் கொள்கிறார்கள். செல்போனை வைத்துக் கொண்டு கழிப்பறையில் அரை மணி நேரம் உட்காரும் பழக்கத்தையும் விட வேண்டும்.

ரத்தம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல, கரண்ட் கம்பத்தில் ஒட்டிய நோட்டீசும் அல்ல.