ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஆந்திராவில் திருமலை ஏறும் பாதை தொடங்கும் அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்தபடி ஏறும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். 3,550 படிகளையும் குனிந்து நிமிர்ந்தே கடந்துவிடுவார்கள். 2021 நவம்பர் மழையில் அதே படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது, பாதையை மூடினார்கள். பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்துபோய், 2022 மே மாதம்தான் திறந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். நவம்பர் 19 விடியலில் அன்னமய்யா அணை உடைந்தது. ராஜம்பேட்டை வட்டாரத்தில் உயிர்கள் போயின, வயல்களை மணல் மூடியது. அணைப் பராமரிப்பில் ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பதும் உண்மை. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. இல்லாவிட்டால் மானாவாரி நிலக்கடலை காய் பிடிக்கும் நேரம் பார்த்து ஏமாற்றுகிறது.

பிறகு ஊர் கிளம்புகிறது. ஆண் என்றால் பெங்களூரு, சென்னை கட்டட வேலை. பெண் என்றால் குவைத். ராஜம்பேட்டை, கோடூர் பக்கமிருந்து ‘கத்தாமா’வாக, அதாவது வீட்டு வேலைக்கு, பெண்கள் போவது பல பத்தாண்டுப் பழக்கம்.

கணவன் போன வீட்டில் உழவு, மாடு, மகளிர் குழுத் தவணை, கடன்காரனுக்குச் சொல்லும் பதில் எல்லாம் மனைவி தலையில். நிலத்துக்கான பட்டாதார் பாஸ்புக் மட்டும் கணவன் பெயரில். பயிர்க்கடனோ நிவாரணமோ பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடிக் கணக்குகளில் பெண்கள் பெயரில் இருந்தவை 14 சதவீதத்துக்கும் குறைவு. ஆந்திராவில் இதைவிடத் தேவலாம்.

சட்டம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று 1986-லேயே ஆந்திராவில் என்.டி.ஆர். அரசு சட்டம் செய்தது, தமிழ்நாட்டில் 1989. திருமணமான மகள்களையும் சேர்த்து 2005-ல் நாடு முழுக்க வந்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘கல்யாணத்துக்குச் செய்தாச்சே’ என்று அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

குவைத் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 30 வயதுக்குக் குறைந்த பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும். ‘முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பாதுகாப்பை எல்லாம் தாண்டிக் கடத்துகிறார் என்று பொருள். குவைத்தின் 2015 சட்டப்படி வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கவும் கூடாது. நடைமுறை எப்படி என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்த நகல்கள் ஊரில் ஒருவரிடம் கட்டாயம் இருக்கட்டும்.

உள்நாட்டில் போகிறவர் ரேஷனை இழக்க வேண்டாம். பெங்களூரில் இருப்பவர் தன் பங்கை அங்கே வாங்கலாம், மீதியை வீட்டார் ஊரில் வாங்கலாம்.

ஆந்திரக் கதைதானே என்று நாம் ஒதுங்க முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று இதே திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். மலை மண்ணின் விளைச்சல் போதாமல் செம்மரம் வெட்டத் தரகர் சொன்ன கூலியை நம்பிப் போனவர்கள் அவர்களில் பலர். வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அலைய மிஞ்சியது மனைவிமார்தான்.

அப்படி அலைய நேர்ந்தால் வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். இலவச சட்ட உதவிக்குப் பெண் என்ற தகுதியே போதும், வருமானச் சான்று கேட்கக் கூடாது. கூப்பிட வேண்டிய எண் 15100.