காற்று யாருடையது? கடல் யாருடையது?
பிறெற்றாஞ் கரையின் காற்றாலைகளும் மீனவர் எழுப்பும் வினாக்களும்

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துப் புவியைச் சூடாக்குவதிலும் பார்க்கக் காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது நன்று என்பதில் இன்று பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் அக்காற்றாலைகள் எங்கே நாட்டப்படுகின்றன, அங்கே முன்னரே தொழில் செய்து வந்தோர் யாவர், அவர்களிடம் எப்போது கேட்கப்பட்டது என்னும் வினாக்கள் எழும்போதே சிக்கல் தொடங்குகின்றது.

உலகின் முதலாவது கடற் காற்றாலை 1991இல் டென்மார்க்கின் விண்டெபி கரைக்கப்பால் எழுந்தது. அதன் 11 சுழலிகளும் சேர்ந்து 5 மெகாவாற்றுக்கும் சற்றுக் குறைவான வலுவையே கொண்டிருந்தன. 2017இல் அது கழற்றப்பட்டது. இன்று தனியொரு சுழலியே அம்முழுத் தொகுதியையும் விஞ்சிவிடுகின்றது. அளவு பெருகப் பெருக, அது கடலில் வேண்டும் இடமும் பெருகிற்று.

சென்-பிரியூ குடாவில்

பிரான்சின் வடமேற்கே, பிறெற்றாஞ் மாகாணத்தில் உள்ளது சென்-பிரியூ குடா. பிரெஞ்சுக்காரர் 'கொக்கீ சென்-ஜாக்' என்றழைக்கும் விசிறி வடிவச் சிப்பிக்குப் பேர்போன கடல் அது. அளவுக்கு மீறி வாரியமையால் 1970களில் அங்கு சிப்பி அருகிப்போனது. அதன்பின் மீனவர்கள் கடுங் கட்டுப்பாட்டை ஏற்றனர். குளிர்காலப் பருவத்தில், வாரத்தில் ஓரிரு நாள்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 நிமிடங்கள் மட்டுமே சிப்பி வாரலாம். இப்படித் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டு காத்த கடலிலேயே காற்றாலை வந்து சேர்ந்தது.

திட்டம் 2012இல் வழங்கப்பட்டது. 2021இல் கடல்வேலை தொடங்கிற்று. 2024இல் முழுமை பெற்றது. கரையிலிருந்து 16 கிலோமீற்றருக்கு அப்பால், 75 சதுர கிலோமீற்றர் பரப்பில், 62 சுழலிகள். மொத்த வலு 496 மெகாவாற். 2021 மே மாதத்தில் மீன்பிடிப் படகுகள் அணிதிரண்டு கடலிலேயே எதிர்ப்புத் தெரிவித்தன. அடுத்த மாதம் துளையிடும் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து, பணி சில காலம் நின்றது. மீனவரின் ஐயம் அதனால் வலுத்ததேயன்றிக் குறையவில்லை.

நன்மையும் தீமையும்

காற்றாலையால் மீன் முற்றாக அழிந்துவிடும் என்பதும், எதுவுமே நேராது என்பதும் ஒருசேர மிகைக்கூற்றுகள். தூண்களைக் கடலடியில் அறையும்போதும் துளையிடும்போதும் எழும் ஓசை, கடற்பன்றி போன்ற உயிர்களை வெகுதூரம் விரட்டுகின்றது. வேலை முடிந்தபின் அதே தூண்களில் மட்டிகள் படிகின்றன. அவற்றை நாடிச் சில மீனினங்கள் கூடுகின்றன. ஆனால் மீன் கூடுவது வேறு, மீனவன் அதனைப் பிடிப்பது வேறு. கடலடியில் இழுக்கும் வலை புதைத்த மின்வடத்திற் சிக்கினால் வலையும் போகும், படகும் கவிழக்கூடும். பெல்ஜியத்தின் காற்றாலை வலயத்தினுள் மீன்பிடிப் படகுகள் நுழையவே இடமில்லை. பிரித்தானியாவில் சட்டம் தடுக்காத இடங்களிலும், இழுவைப் படகினர் ஆபத்தை அஞ்சி ஒதுங்குகின்றனர். ஒதுங்கியோர் அயலவரின் கடலுக்குச் செல்ல, அங்கே நெரிசலும் பூசலும் பிறக்கின்றன. நட்டஈட்டுக் கணக்கில் எளிதில் அகப்படாத இழப்பு இதுவே.

பிரான்சில் கடற் காற்றாலைகள் மீது ஆண்டு வரியொன்று உண்டு. நாட்டின் ஆள்புலக் கடலில் அமைந்த காற்றாலைகளைப் பொறுத்தவரை, அதில் 35 வீதம் மீனவர் குழுக்களுக்குச் செல்கின்றது. இது நல்லதோர் ஏற்பாடே. எனினும் குழுவுக்குச் செல்லும் பணம், தொழிலிடம் இழந்த தனிப் படகுக்காரனின் அடுப்பை எரிக்குமா என்பது தனிக்கேள்வி.

யார் சார்பில் யார் பேசுவது?

இதே குடாவைப் பற்றி மிஷேல் கலோன் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1986இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை பல்கலைக்கழகங்களில் இன்றும் பயிலப்படுகின்றது. சிப்பியை வளர்த்துப் பெருக்க முயன்ற ஆய்வாளர் மூவர், மீனவர் பிரதிநிதிகளின் ஒப்புதலைப் பெற்றிருந்தனர். ஆனால் ஒரு நத்தார் காலத்தில், காத்துவைத்த சிப்பிகளை மீனவர்களே வாரிச் சென்றனர். பிரதிநிதியின் சம்மதம் மக்களின் சம்மதமாகிவிடாது என்பதே அதன் பாடம். காற்றாலை வகுத்தோர் இப்பாடத்தை மறந்துவிட்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது.

இது நமக்கும் அயலான செய்தியன்று. மன்னார்த் தீவின் தென்கரையோரத்தில், நிலத்தின்மீது, 30 சுழலிகள் கொண்ட 'தம்பபவனி' 2020இல் திறக்கப்பட்டது. மேலும் சுழலிகள் வருவதை எதிர்த்து 2025 ஓகஸ்ற்றில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். தமிழ்நாட்டுக் கரைக்கப்பால் 500 மெகாவாற் கடற் காற்றாலைக்கு இந்திய அரசு 2024 யூனில் நிதியுதவி ஒப்புதல் அளித்துள்ளது. போர்க்காலக் கடல்வலயத் தடையால் ஆண்டுக்கணக்கில் தொழிலிழந்து கரையில் நின்ற சமூகத்துக்கு, 'இங்கே வலை போடாதே' என்னும் சொல்லின் கனம் விளக்க வேண்டியதொன்றன்று.

காற்றாலை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வரைபடத்தில் கோடு கீறுமுன், அக்கடலில் நாளும் வலை வீசுபவனை அழைத்து அமரவைத்துக் கேட்க வேண்டும். கோடு கீறியபின் கேட்பது கலந்தாலோசனை அன்று, அறிவித்தல் மட்டுமே.