நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தெள்ளு போகாது

மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் காயாத நாட்களில் கிராமத்து வீடுகளில் கேட்கும் புகார் இது: “நாயைக் குளிப்பாட்டி மருந்தும் போட்டாச்சு. பத்தே நாளில் திரும்பவும் தெள்ளு ஏறிடுச்சு.” நாயின் மேல் கண்ணுக்குத் தெரிபவை மொத்தத்தில் சிறு பங்குதான். மீதி எல்லாம் நாய் படுக்கும் இடத்தில் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கிடக்கின்றன.

தெள்ளு வேறு, உண்ணி வேறு. உண்ணி தோலைக் கவ்வி ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்து உப்பும். தெள்ளு எள்ளளவுகூட இருக்காது. மயிருக்குள் ஓடும், தொடப்போனால் துள்ளும். வாலடியில் மயிரை விலக்கிப் பார்த்தால் கறுப்புப் பொடி தெரியும். அதை ஈரப் பஞ்சில் தேய்க்கும்போது செம்பழுப்பாகக் கரைந்தால், அது தெள்ளின் கழிவு.

தரையில் நடப்பது என்ன?

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். நாய் உடம்பை உதறும்போது அவை தரையில் உதிரும். வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி, சாக்கு மடிப்பு, திண்ணை இடுக்கு, ஆட்டுக்கொட்டகைப் புழுதி என்று பதுங்கும். கூட்டுப்புழு வாரக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் பட்டதும் தெள்ளாக வெளியே வரும். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் கடிப்பது இதனால்தான்.

புழுவுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வெயிலும் உலர்ச்சியும் அதைக் கொல்லும்.

முதலில் இடம்

* நாய் படுக்கும் சாக்கு, துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, கடும் வெயிலில் காய வைக்க வேண்டும்.
* இடுக்குகளைக் கூட்டிய குப்பையை ஓரமாகக் குவிக்காமல் அன்றே எரித்துவிட வேண்டும்.
* பயிருக்குத் தயாரிக்கும் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலே இதற்கும் உதவும். இடித்த வேப்பங்கொட்டை 500 கிராமை 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து, காலையில் தரையிலும் இடுக்கிலும் தெளித்து உலர விடலாம்.
* இரவில் விளக்கின் கீழ் தட்டில் சோப்பு நீர் வைத்தால் தெள்ளு துள்ளி விழும். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைகிறதா என்றும் பார்க்கலாம்.

கூட்டுப்புழுக்கள் விட்டுவிட்டு வெளிவருவதால் இவற்றை 6 வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

பிறகு நாய்

குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட வேண்டும். இல்லாவிட்டால் தெள்ளு தலைக்கு ஏறிக் காதுக்குள் ஒளியும். சோப்பு நுரை 5 நிமிடம் ஊறிய பின் அலசி, பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் முக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஒரு பங்கு வேப்பெண்ணெயுடன் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, புண் இல்லாத இடத்தில் லேசாகத் தடவலாம். பூனைக்கும் பால்குடிக் குட்டிக்கும் எண்ணெய் வேண்டாம். சீப்பு மட்டும் போதும். பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

செய்யவே கூடாதவை

வயலுக்கு அடித்து மிச்சமான பூச்சிமருந்தை நாய்க்குத் தடவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மருந்து தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போகும்; சில மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி, வலிப்பு கண்டு நாய் இறக்கலாம். அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தைக்கும் அதே ஆபத்துதான். மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சி உருண்டை ஆகியவையும் கூடாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிர் போகலாம்.

மருத்துவரிடம் எப்போது?

தெள்ளு மொய்த்த நாய்க்குட்டியும் ஆட்டுக்குட்டியும் இரத்தம் இழந்தே சாகும். ஈறு வெளுத்தாலோ, குட்டி சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாயின் ஆசனவாயருகே அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால், தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழுவாக இருக்கலாம். அதற்குக் குடற்புழு மாத்திரை தேவை. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புழு திரும்பவும் வரும்.