கீற்றுக் கொட்டகைக்குத் தீக்காப்பு

கோரிமேடு போன்ற ஊர்களில் மாடு வளர்ப்போர், ஒழுகலுக்குப் பயந்து கீற்றுக்கடியில் பாலித்தீன் தாள் கட்டுவதுண்டு. அது சரியன்று. மாட்டின் மூச்சு ஆவி வெளியேறாமல் தாளில் நீராய்க் கோக்கும், கொட்டகை புழுங்கும். தீப்பிடித்தாலோ தாள் உருகி, எரிந்தபடியே மாட்டின் முதுகில் சொட்டும். கீற்றுத் தீயின் வேகத்தை, 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் பள்ளி விபத்தில் நாடே கண்டது.

ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் மண்பூச்சு இதற்கு ஏற்றது. செலவும் குறைவு. வைக்கோல் துண்டு கலந்து சில நாள் ஊறிய மண்சேறு 30 லிட்டர் தேவை. வெறும் செம்மண் போதாது, களிமண்ணும் சேரட்டும். ஒன்றரைக் கிலோ தாருடன் 15 கிராம் மெழுகு சேர்த்து உருக்க வேண்டும். அதை அடுப்பிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், 300 மில்லி மண்ணெண்ணெயில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவேண்டும். மண்ணெண்ணெயை அடுப்பருகே கொண்டுவரவே கூடாது. கொட்டகையைக் காக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்ட கதையாகிவிடும். இக்கலவையைச் சேற்றில் குழைத்துக் கீற்றின் மேலும் அடியிலும் பூசலாம். மழைநீரும் எளிதில் கரைக்காது.

மண் கனமாதலால் மூங்கில்களை நெருக்கிக் கட்டுங்கள். ஆவி போக முகட்டில் திறப்பு விடுங்கள். பூசிய கூரை எரியவே எரியாது என்பதற்கில்லை. தீ பரவுவது தாமதப்படும். அதற்குள் மாட்டை அவிழ்க்கவேண்டும் அல்லவா? கட்டுத்தறியில் உருவுமுடிச்சே போடுங்கள்.