நலமான பிறகும் மாத்திரை எதற்கு?

"இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடிவிட்டது, இன்னும் நான்கு மாதம் எதற்கு, டாக்டர்?" காசநோய்ச் சிகிச்சையின் இரண்டாம் மாத முடிவில் இதைக் கேட்காதவர் குறைவு. மஞ்சக்குட்டையின் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவமனைக்கு வருவதென்பது ஒரு நாள் கூலியை இழப்பதும் ஆகும். ஆகவே கேள்வி நியாயமானதே.

விடையின் ஒரு பகுதி காபிச் செடியில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'கென்ட்ஸ்' வகை, இலைத்துரு நோயை முதலில் தாங்கி நின்றது. சில ஆண்டுகளில் அதையும் பற்றக்கூடிய பூஞ்சை பெருகிவிட்டது. பூஞ்சை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான வித்துகளுள் தற்செயலாக மாறியிருந்த சில மட்டும் பிழைத்துப் பெருகின.

நுரையீரலிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு காசநோய்க் குழிக்குள் பல கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காதது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் சேர்ந்து அடங்காதது கோடிக் கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் எவர் உடலிலும் இல்லை. பல மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்துத் தருவதன் காரணம் இக்கணக்குதான். முதல் இரண்டு மாதங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் மடிகின்றன. உறங்குபவை போல மெல்ல வாழ்பவை எஞ்சுகின்றன. மீதி நான்கு மாதமும் அவற்றுக்காகவே. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். விட்டுவிட்டு உண்டால், மருந்துக்கு அடங்காதவற்றை நாமே பொறுக்கி வளர்த்தவராவோம்.

இவ்வறிவில் நம் மாநிலத்துக்குப் பெரும் பங்குண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. வீட்டார்க்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கும் குடும்பத்தார் இதை அறிய வேண்டும். சிகிச்சை தொடங்கியவரை ஒதுக்கத் தேவையில்லை, மாத்திரை உண்ணும்போது அருகில் இருந்தால் போதும்.

அண்மைக் காலமாக வேறொன்றும் கேட்கிறேன்: "கைபேசியில் கேட்டேன், நிறுத்தலாம் என்றது." செயற்கை நுண்ணறிவை நான் வெறுப்பவன் அல்லன், மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட அதைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனமே 2021-இல் பரிந்துரைத்தது. ஆயினும் அதுவும் தேர்வினால் உருவாவதே. சரியான விடைக்கு மதிப்பெண் தந்து வளர்க்கையில், மதிப்பெண் தரும் எந்தக் குறுக்குவழியும் தங்கிவிடும். 2018-இல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய ஒரு நிரலை ஆராய்ந்தபோது, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையும் அது அடையாளம் கண்டு துணையாகக் கொண்டிருந்தது. புதிய மருத்துவமனையின் படங்களில் அதன் திறன் குறைந்தது. உங்கள் சளிப் பரிசோதனை முடிவை அறியாத கைபேசி, நீங்கள் கேட்க விரும்பும் விடையைத் தந்துவிடக்கூடும்.

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகும், அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, கால் மரத்தாலோ உடனே வாருங்கள். எந்த மருந்தை மாற்றுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூலி போவதுதான் தடையென்றால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்ய இயலும்.