விட்ட இடத்திலேயே கர்சர் நிற்க...

என் அப்பா தன் பழைய நினைவுகளை இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார். அவற்றைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து முடித்தேன். சுமார் 900 வரிகள். அதன் பின் தினமும் இரவு அரை மணி நேரம் நோட்டுடன் ஒப்பிட்டுப் பிழை திருத்தி வந்தேன்.

சிக்கல் அங்கே தான் தொடங்கியது. பைலைத் திறந்தால் கர்சர் முதல் வரியில் போய் நிற்கும். நேற்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். ஒரு நாள் உத்தேசமாக ஓர் இடத்தைப் பிடித்துத் தொடர்ந்தேன். நடுவில் ஒன்றரைப் பக்கம் விடுபட்டது எனக்குத் தெரியவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவுடன் அப்பா சிரித்தார். “உங்க அத்தைக்கு 1917லயே கல்யாணம் பண்ணி வச்சுட்டியேடா! அப்போ நானே பொறக்கலையே!” 1971 என்பதை மாற்றி டைப் செய்திருந்தேன். அது திருத்தப்படாத பக்கத்தில் மாட்டிக் கொண்டது.

ஏன் இப்படி ஆகிறது? டெக்ஸ்ட் பைல் என்பது வெறும் எழுத்துகளின் தொகுப்பு. கர்சர் எங்கே நின்றது என்று எழுதி வைக்க அதில் இடம் கிடையாது. பைலைத் திறக்கும் எடிட்டர் புரோகிராம் தான் அதைத் தனியே குறித்து வைக்க வேண்டும். விண்டோஸ் 10 வரை வந்த நோட்பேட் இதைச் செய்வதில்லை. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் என்ற இலவச புரோகிராம் செய்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் இது கிடைத்து வருகிறது.

இதனைத் திறந்து செட்டிங்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் இடது பக்கம் பேக்கப் என்பதில் கிளிக் செய்யவும். வலது பக்கம் ‘ரிமெம்பர் கரன்ட் செஷன் ஃபார் நெக்ஸ்ட் லாஞ்ச்’ என்ற வரியின் முன் டிக் அடையாளம் உள்ளதா என்று பார்க்கவும். இல்லை என்றால் ஏற்படுத்தவும். பின் குளோஸ் கிளிக் செய்து வெளியேறவும். அவ்வளவுதான்.

இனி ஒன்றை மறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் பைலின் டேபில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மட்டும் மூடாதீர்கள். புரோகிராம் விண்டோவையே மூடுங்கள். மூடும் போது திறந்திருக்கும் பைல்களைத் தான் இது நினைவில் வைக்கும். மறுநாள் புரோகிராமை இயக்கினால் அதே பைல், அதே வரி, அதே இடத்தில் கர்சர்!

இந்த விவரங்கள் செஷன் என்ற தனி பைலில் பதியப்படுகின்றன. எனவே உங்கள் பைலின் பெயரை மாற்றினாலோ, வேறு போல்டருக்குக் கொண்டு போனாலோ பழைய குறிப்பு உதவாது. வேறு புரோகிராமில் திறந்து மாற்றங்கள் செய்திருந்தால் கர்சர் சற்றுத் தள்ளி நிற்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அதே விண்டோவில் செஷன் ஸ்நாப்ஷாட் என்ற வசதியும் உண்டு. அது செயல்பாட்டில் இருந்தால், சேவ் செய்யாமல் மூடினாலும் புரோகிராம் உங்களைக் கேட்காது. மாற்றங்கள் பேக்கப்பில் தான் இருக்கும். உங்கள் பைலில் இருக்காது. அந்தப் பைலைப் பென் டிரைவில் காப்பி செய்தால் பழையது தான் போகும். எனவே மூடும் முன் கண்ட்ரோல் + எஸ் அழுத்துவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

வேர்ட் பயன்படுத்துகிறீர்களா? டாகுமெண்ட்டைத் திறந்தவுடன் ஷிப்ட் + எப்5 கீகளை அழுத்துங்கள். கடைசியாக வேலை செய்த இடத்திற்குக் கர்சர் செல்லும். எப்போதும் பைலின் இறுதியில் மட்டுமே எழுதுபவர் என்றால் கண்ட்ரோல் + எண்ட் போதும்.

எந்தப் புரோகிராமிலும் செல்லுபடியாகும் எளிய வழி ஒன்றும் உண்டு. நிறுத்தும் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகளை டைப் செய்து சேவ் செய்யுங்கள். மறுநாள் கண்ட்ரோல் + எப் அழுத்தி அவற்றைத் தேடிப் பிடித்து, அழித்துவிட்டுத் தொடருங்கள். புரோகிராம் மறந்தாலும் இந்தக் குறி பைலுக்குள்ளேயே இருக்கும். நான் இப்போது இரண்டையும் செய்கிறேன்.

அத்தையின் கல்யாணம் 1971க்கே திரும்பி விட்டது. அப்பா இப்போது மூன்றாவது நோட்டைத் தொடங்கியிருக்கிறார்.