முடிவு தெரிந்த கதையின் சுவை

கற்றோர் அவையிற் பேசப்படாத நூல்கள் சிலவுள. அவற்றைப் படிப்போர் தொகை பெரிது. படித்ததாக ஒப்புக்கொள்வோர் தொகை சிறிது. ஆங்கிலத்தில் மாதந்தோறும் வரிசையாக வெளிவரும் காதல் நாவல்கள் அத்தகையன. அவற்றுள் ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்ததாகும் என்பது அவற்றின்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வரும் குற்றம். தலைவனுந் தலைவியும் சந்திப்பர், பிணங்குவர், பிரிவர், ஈற்றில் இணைவர். இக்குற்றச்சாட்டு ஓரளவு உண்மையே. ஆயின் அதிலிருந்து ஒரு வினா எழுகின்றது. முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தும், தொண்ணூற்றொன்பது நூல்களைப் படித்து முடித்த ஒருத்தி நூறாவது நூலை ஏன் கையிலெடுக்கின்றாள்? அவள் அறிவிலி என்று கூறிவிடுதல் எளிது. அவள் நாடுவது இன்னதென நாம் அறியவில்லை என்று கொண்டு ஆராய்தலே முறையாகும். இக்கட்டுரை அம்முறையை மேற்கொள்கின்றது.

முதற்கண், வரிசைக் காதல் நாவல் என்பது யாது என வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். தனியே எழுதப்பட்டுத் தனியே விற்கப்படும் காதல் நாவல் வேறு, இது வேறு. இஃது ஒரு பதிப்பகம் தான் வகுத்த வரிசையொன்றின் பெயரில், ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே நீளத்தில், மாதந்தோறும் வெளியிடும் நூல்களுள் ஒன்று. பெரும்பாலும் ஐம்பதாயிரஞ் சொற்கள் அளவில் அமையும். கடைத் தட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் இருந்து, அடுத்த மாதத்து நூலுக்கு இடம்விட்டு அகலும். வைத்தியசாலைக் கதைகளுக்கு ஒரு வரிசை, வரலாற்றுக் கதைகளுக்கு ஒரு வரிசை, இக்காலக் கதைகளுக்கு வேறு வரிசைகள் என வகுப்புகள் உள. எந்த வரிசையை எடுத்தால் எவ்வகைக் களமும் எவ்வகை உணர்வும் கிடைக்கும் என்பது வாங்குபவருக்கு முன்னரே தெரியும்.

இம்முறை உருவான வரலாறும் அறியத்தக்கது. 1908ஆம் ஆண்டு இலண்டனில் ஜெரல்ட் மில்ஸ், சாள்ஸ் பூன் என்னும் இருவர் தம் பெயராலேயே மில்ஸ் அன்ட் பூன் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினர். தொடக்கத்தில் அது பலதுறை நூல்களையும் வெளியிட்டது; ஜாக் லண்டனின் நூல்களையும் பிரித்தானியாவிற் பதிப்பித்தது. 1930களில் சிறு கட்டணத்துக்கு நூல்களை இரவல் வழங்கும் நூலகங்கள் பெருகியபோது, அந்நூலகங்களை நம்பிக் காதல் நாவல்களிலேயே அது கருத்தூன்றலாயிற்று. அந்நூல்கள் பழுப்பு நிற அட்டையுடன் வந்தமையால், ஆசிரியர் பெயரினும் அந்நிறமே வாசகருக்கு அடையாளமாயிற்று. கனடாவின் வின்னிப்பெக் நகரில் 1949ஆம் ஆண்டு தோன்றிய ஹார்லெக்குவின் பதிப்பகம், முதலில் துப்பறியுங் கதைகள் முதலாயினவற்றை மலிவுப் பதிப்பாக வெளியிட்டு வந்தது. 1957ஆம் ஆண்டு அது மில்ஸ் அன்ட் பூன் நிறுவனத்தின் வைத்தியசாலைக் காதற்கதைகளை மறுபதிப்புச் செய்யத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

அக்காலத்தில் ஹார்லெக்குவின் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற லோறன்ஸ் ஹெய்சி என்பவர், அதற்கு முன்னர் சவர்க்காரம் முதலிய வீட்டுப் பொருள்களை விற்கும் பெருநிறுவனமொன்றிற் பணியாற்றியவர். புத்தகக் கடைக்குச் செல்லாத பெண்களும் பலசரக்குக் கடைக்குச் செல்வர் என்பதை அவர் உணர்ந்தார். நாவல்கள் அரிசிக்கும் மாவுக்கும் அருகே வந்து அமர்ந்தன. 2014ஆம் ஆண்டு ஹார்லெக்குவின் நிறுவனம் ஹாப்பர்கொலின்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இவ்வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. இங்கே விற்கப்படுவது ஆசிரியர் ஒருவரின் புகழன்று. ஓர் உறுதிமொழியே விற்கப்படுகின்றது. இந்நூலின் முடிவில் நீ ஏமாற்றமடையாய் என்பதே அவ்வுறுதிமொழி.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் 1980ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. காதல் நாவலுக்கு அது விதித்த இலக்கணம் இரண்டே உறுப்புக்களை உடையது: கதையின் நடுவண் காதல் நிற்றல் வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாதல் வேண்டும். முடிவை இலக்கணத்துள்ளேயே அடக்கி வைத்தமை சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். தமிழ் பயில்வோருக்கு அது விந்தையன்று. அகத்திணைப் பாடல்களிலே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. நிலமும் பொழுதும் கருப்பொருளும் வரையறுக்கப்பட்டவை. களவு கற்பை நோக்கிச் செல்லும் என்பது கேட்போர் அறிந்ததே. எனினும் நெய்தல் நிலத்துத் தலைவியின் இரங்கலைப் புலவர் ஒவ்வொருவரும் புதிதாகப் பாடினர். மரபு இருந்தமையாலேயே அதனுள் நிகழும் சிறு மாற்றமும் கேட்போருக்குப் பெரிதாகத் தெரிந்தது. சங்கப் பாடலையும் பலசரக்குக் கடை நாவலையும் தரத்தால் ஒப்பிடுதல் ஈண்டு எம் கருத்தன்று. மரபுக்கு உட்பட்டமை தன்னளவிற் குற்றமாகாது என்பதே கருத்து.

பமேலா ரீஜிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூலில், ஆங்கிலக் காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டு உறுப்புக்களை எடுத்துக் காட்டினார். காதலர் வாழும் சமுதாயத்தின் குறைபாடு, சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்தல், இனி ஒருபோதும் கூடார் எனத் தோன்றும் சாவையொத்த நிலை, தடையை நீக்கும் அறிவு பிறத்தல், மணவுறுதி என்பன அவை. 1813ஆம் ஆண்டு வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் 'பெருமையும் தப்பெண்ணமும்' என்னும் நாவலிலும் இவ்வெட்டு உறுப்புக்களும் அமைந்திருத்தலை அவர் காட்டியுள்ளார். எனவே கல்லூரியிற் பாடநூலாக மதிக்கப்படும் நாவலும், கடைத் தட்டில் ஒரு மாதமே வாழும் நாவலும் எலும்புக்கூட்டால் வேறல்ல. வேறுபாடு தசையிலும் உயிரிலும் உள்ளது.

இனி அச்சுவை எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவாம். இவ்வகை நாவல்களில் அடிக்கடி வரும் அமைப்பொன்றை எடுத்துக்கொள்வோம். தாய்தந்தையரை இழந்த குழந்தையொன்றைக் காக்கும் உரிமைக்காக, ஒருவரையொருவர் நம்பாத இருவர் மணம் செய்துகொள்கின்றனர். இதிற் காதலுக்கு இடமில்லை என்பது அவர்களது உடன்படிக்கை. ஆயினும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியிருக்கின்றது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தலைவன் உறங்காது விழித்திருக்கின்றான். அதனைத் தலைவி கடமையென எண்ணுகின்றாள். வாசகியோ அதன் பொருளை உடனே உணர்ந்துவிடுகின்றாள். தலைவி அறியாததை வாசகி அறிந்திருக்கும் இவ்விடைவெளியே சுவையின் முதல் ஊற்று.

முற்கால வரிசை நாவல்கள் பெரும்பாலும் தலைவியின் நோக்கிலேயே எழுதப்பட்டன. தலைவனின் உள்ளம் பூட்டிய பெட்டி. அவனது மௌனம் வெறுப்போ, செருக்கோ, மறைந்த அன்போ எனத் தலைவி ஆராய்கின்றாள். தன்னினும் செல்வமும் அதிகாரமும் மிக்க ஒருவனின் மனத்தை முகக்குறியாலும் சிறு செயலாலும் படித்தறிதல் நாவலில் மட்டும் நிகழ்வதன்று. உலகத்திற் பல பெண்கள் நாள்தோறும் செய்து வந்த வேலை அது. 1980களின் பின் தலைவனின் எண்ணங்களையும் கூறும் வழக்கம் பெருகியது. அதனால் அவனைப் பற்றிய ஐயம் குறைந்தது; அவனும் அஞ்சுகின்றான் என்னும் அறிவு கூடியது.

அச்சம் இவற்றுள் எங்குமுண்டு என்பதை மறத்தலாகாது. கைவிடப்படுவேனோ, பொருளில்லாதவள் என இகழப்படுவேனோ, என் சொல்லை நம்புவார் இலரோ என்பன வாழ்வில் மெய்யான அச்சங்கள். கரை தெரிகின்ற நீரில் அஞ்சாது நீந்தலாம். நல்ல முடிவு உறுதியாக இருத்தலால், இவ்வச்சங்களை வாசகி முழுமையாக உணர்ந்து பார்க்க முடிகின்றது. முடிவில் அவள் எதிர்பார்ப்பது திருமணம் மட்டுமன்று. உன்னைப் பிழையாக மதித்தேன் என்று செருக்குடைய ஒருவன் வாய்திறந்து சொல்லும் இடமே அவள் காத்திருக்கும் இடம்.

வாசகிகளையே நேரிற் கேட்டறிந்த ஆய்வுகளுட் புகழ்பெற்றது ஜானிஸ் ராட்வே 1984ஆம் ஆண்டு வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி நகரொன்றுக்கு ஸ்மித்தன் என்னும் புனைபெயர் இட்டு, அங்குள்ள புத்தகக் கடையொன்றைச் சார்ந்த வாசகிகளோடு அவர் உரையாடினார். அவர்களுட் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாருமாவர். நூல் என்ன கூறுகின்றது என்பதோடு அமையாது, படிக்கும் செயல் அவர்களுக்கு என்ன செய்கின்றது என்றும் அவர் கேட்டார். விடை எளியது, ஆனால் ஆழமானது. நாள் முழுவதும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவளாக இருப்பவள், நூலைத் திறந்திருக்கும் நேரத்தில் தனக்கு உரியவளாகின்றாள். எல்லாரையும் பேணும் அவளைப் பேணுவார் இலர். தலைவி பெறும் பரிவில் அவளும் பங்கு பெறுகின்றாள்.

அவ்வாசகிகளுட் சிலர் வாங்குமுன்னரே இறுதிப் பக்கங்களைப் புரட்டி முடிவைச் சரிபார்த்தனர். துன்ப முடிவையும், கொடுமை செய்யும் தலைவனையும் அவர்கள் வெறுத்தனர். அறிவும் நகைச்சுவையும் தன்னுரிமையும் உடைய தலைவியை விரும்பினர். எல்லா நூலும் ஒன்றே என்பது படியாதவர் கூற்று. படித்தவர்கள் தரம் பிரித்தனர், தேர்ந்தனர், சிலவற்றை ஒதுக்கினர்.

மறுபக்கத்தையும் கூறாது விடின் ஆராய்ச்சி நிறைவுறாது. 1970ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஜேர்மேன் கிரியர், பெண்கள் தம் தளையைத் தாமே போற்றுமாறு இக்கதைகள் செய்கின்றன என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார். ராட்வேயும் ஐயத்தோடேயே தம் ஆய்வை முடித்தார். நூல் தரும் ஆறுதல், வாசகியை மீண்டும் அதே அடுக்களைக்கு அமைதியோடு அனுப்பிவைக்கின்றது அன்றோ? கதையில் மாறுவது ஒருவனின் உள்ளமே. வீட்டின் ஒழுங்கு மாறுவதில்லை. இவ்வாதம் வலிமையுடையது. பழைய நாவல்கள் சிலவற்றில் தலைவன் செய்யும் வன்முறைக்கு, மிகுந்த காதலே காரணம் என ஈற்றில் விளக்கம் தரப்பட்டது. ஆறுதல் கூறுதல் குற்றமன்று. தீங்குக்கு அன்பெனப் பெயரிடுதல் குற்றமாகும். வாசகிகளே அதனை வெறுத்தனர் என்பதை மேலே கண்டோம்.

மற்றொரு குறையும் உண்டு. நீயும் விரும்பப்படத்தக்கவள் என்று கூறிய இந்நாவல்கள், நெடுங்காலம் அதனை வெள்ளையினப் பெண்ணை நோக்கியே கூறின. 1980ஆம் ஆண்டு விவியன் ஸ்ரீவன்ஸ் என்னும் கறுப்பினப் பெண் பதிப்பாசிரியர், டெல் பதிப்பகத்தின் வரிசையொன்றில் றோசலின்ட் வெல்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட கறுப்பின எழுத்தாளரின் காதல் நாவலை வெளியிட்டார். அதன் தலைவனும் தலைவியும் கறுப்பினத்தவர். மரபு மாறவில்லை, அதே சந்திப்பு, அதே தடை, அதே மணம். ஆயினும் அதுவரை அவ்வுறுதிமொழிக்குப் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தோர் அதனுள் வந்தனர். வழக்கமான முடிவும் யாருக்கு வழங்கப்படுகின்றது என்பதைப் பொறுத்துப் புதுமையாகின்றது என்பதற்கு இது தக்க சான்று.

2003ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எம்-6 கட்டண நெடுஞ்சாலையை அமைத்தபோது, மில்ஸ் அன்ட் பூன் நாவல்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பிரதிகளைக் கூழாக்கி அதன் மேற்பரப்பிற் கலந்தனர். அச்செய்தி பலருக்கு நகைப்பை விளைத்தது. மாதந்தோறும் பழையன கழிந்து புதியன புகும் வணிகத்தில் எஞ்சிய தாளுக்கு நேர்ந்த கதி அது. தாள் கூழாயிற்று என்பதனால், அதனைப் படித்தவளின் ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று என்று கொள்ளல் தவறு.

மாணவியொருத்தி இத்தகைய நூலொன்றைப் பாடப் புத்தகத்தின் கீழ் மறைத்து வைத்திருப்பின், அதனைப் பறிப்பதற்கு முன் ஆசிரியர் அவளிடம் ஒரு வினாக் கேட்கலாம்: நீ படித்தவற்றுள் இது முன்னையதினும் நன்றா, தீதா, ஏன்? தலைவன் மனம் மாறியமை நம்பத்தக்கதாக இல்லை என்றோ, தலைவி காரணமின்றி மன்னித்துவிட்டாள் என்றோ அவள் விடை கூறுவாளாயின், அங்கே இலக்கியத் திறனாய்வு தொடங்கிவிட்டது. அவ்விடத்திலிருந்து ஜேன் ஒஸ்ரினிடம் அவளை அழைத்துச் செல்லும் வழி நெடிதன்று.